மூக்கண்டப்பள்ளியில் மாப்பிள்ளை விசாரித்தேன்

ஓசூரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி வந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். ஒருவன் நான். இன்னொருவரை மலைக்கோயில் படியில் சந்தித்தேன். இரண்டு பேரும் சொன்னது பொய்.

உண்மை இதுதான். என் தங்கை வசந்தாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் குணசேகரன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறான். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் ஒருவர் மாப்பிள்ளை இருக்கிற ஊருக்குப் போய், அவனுக்குத் தெரியாமல் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வருவது வழக்கம். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, ஏற்கெனவே எங்கேயாவது குடும்பம் வைத்திருக்கிறானா என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு.

எனக்கு மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்தியிருந்தால், காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அதற்குள் மூன்று வரன்களைத் தட்டிக் கழித்திருந்தேன். முதல் பையன் வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். இரண்டாவது பையன் பேசும்போது ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். மூன்றாவது பையனிடம் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படியே போய் வசந்தாவுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது.

புறப்படும்போது அம்மா சொன்னாள். "குற்றம் பாக்கில் சுற்றம் இல்லைம்பாங்க. நீ பாத்துப் பாத்துதான் நம்ம வீட்டு வாசல்ல ஒரு பய வர்றதில்ல. இந்த வாட்டியாச்சும் நல்லதாப் பாத்துட்டு வா." மாப்பிள்ளை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகத் தரகர் சொல்லிவிட்டார். வசந்தா வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில் ஓசூரில் இறங்கினேன். வாயைத் திறந்தால் புகை வந்தது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு மார்கழிக் குளிர் என்றால் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் சரியாகிவிடும். ஓசூர்க் குளிர் துண்டை மதிக்கவில்லை. பஸ் நிலையத்தில் எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நிற்க, வேட்டியும் துண்டுமாக நின்ற ஒரே ஆள் நான்தான்.

லாட்ஜ் மேனேஜர் பக்கத்திலிருக்கிற உத்தனப்பள்ளிக்காரர். நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார்.

"இன்னா வேலையா வந்தீங்க?"

"சும்மாத்தான். ஊர் சுத்திப் பாக்கலாம்னு."

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓசூரயா?"

"ஆமா."

"பாருங்க, பாருங்க. மூக்கண்டப்பள்ளி போற டவுன் பஸ்ஸு எதுத்தாப்பலயே நிக்கும்."

நான் மூக்கண்டப்பள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குணசேகரன் குடியிருந்தது அங்கேதான். அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. குளிரில் மூளையும் விறைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஐயா, பாயசத்தை மாத்தி ஊத்திட்டீங்க" என்றேன். அவர் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து மேசைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். "தெற்கத்தி ஆள் ஒருத்தர் வந்திருக்காரு, வெல்லம் போட்டது புரியல, கொஞ்சம் புளித்தண்ணி இருந்தா குடுங்கன்னு சொல்றாரு." புளித்தண்ணீர் வரவில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊரில் தங்கையைக் கொடுக்கலாமா என்று குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். குறை எண் ஒன்று.

அடுத்தது ஸ்வெட்டர். வாரச்சந்தைக்குப் போகிற வழியில் ஒரு கடையில் குவித்து வைத்திருந்தார்கள். விசாரிப்பதற்கும் சாக்காயிற்று என்று நுழைந்தேன். மூக்கண்டப்பள்ளிப் பையன்கள் எப்படி என்று நான் நைசாகக் கேட்க, கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாக ஏதோ பதில் சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். மெரூன் நிறம், பையில் சின்னதாக இரண்டு பூ. இந்த ஊர் ரோஜாவுக்குப் பேர் போனது, அதனால் பூப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொத்தான்கள் மட்டும் இடது பக்கமாக இருந்து தொல்லை கொடுத்தன. அன்றிலிருந்து தினமும் அதைப் போட்டுக்கொண்டு ஓசூர் பஜாரில் கம்பீரமாக நடந்தேன். பலர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்க்காரன் என்பதால் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மூக்கண்டப்பள்ளிக்குக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பெங்களூர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். போர்டில் ஒரு எழுத்துக்கூட எனக்குப் படிக்க வரவில்லை. மூக்கண்டப்பள்ளி அந்த ரோட்டில்தானே இருக்கிறது, வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு. மூக்கண்டப்பள்ளி வந்தது. போனது. நான் எழுந்து நின்று கத்தினேன். கண்டக்டர் கன்னடத்தில் அமைதியாக ஒரு பெரிய வாக்கியம் சொன்னார். பின்சீட்டு அம்மாள் அதைத் தமிழில் சொன்னார்: "எக்ஸ்பிரஸ்ஸாம். அத்திப்பள்ளியிலதான் நிக்குமாம். அது வரைக்கும் குந்திக்கினு வாங்கன்றாரு."

இப்படியாக நான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழ்நாட்டை விட்டு வெளியே போனேன். எல்லையைத் தாண்டும்போது மனதுக்குள் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். சோதனைச் சாவடியில் நின்ற லாரி வரிசைதான் தோன்றியது. அத்திப்பள்ளியில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வரும் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் இரண்டு காபி குடித்தேன். காபி நன்றாக இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. குறிப்பு நோட்டில் மட்டும் எழுதவில்லை.

வியாழக்கிழமை ஒழுங்காக டவுன் பஸ்ஸிலேயே போனேன். மூக்கண்டப்பள்ளி முழுக்க வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஏழெட்டு ஜோடி செருப்பு. கொடி முழுக்கக் கறை போகாத காக்கிச் சட்டைகள். மதுரைப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் தெலுங்கும் ஒரே குழாயடியில் வாளி வைத்துக்கொண்டு நின்றன. நான் தெருவில் கால் வைத்ததும் ஒரு ஜன்னலில் ரேடியோவின் சத்தம் குறைந்தது. ஒரு வாசலில் சீட்டுக்கட்டு லுங்கிக்குள் போனது. எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். எவ்வளவு மரியாதையான தெரு என்று நினைத்தேன்.

தரகர் கொடுத்த விலாசத்தில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம், சொந்தக்காரப் பையனுக்கு ரூம் பார்ப்பதாகச் சொன்னேன். அவர் தெலுங்கில் பேசினார், நடுவில் தமிழும் வந்தது. ரூம் எதுவும் காலியில்லை, வேண்டுமானால் எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்று ஒரு ஜன்னலைக் காட்டினார். "இது அறந்தாங்கிக் குணசேகரன் இருக்கிற ரூமு. அதான் அவரு கட்டிலு. சத்தம் போடாதீங்க, தூங்கறாங்க."

தேடிப்போன ஆளே கண்ணெதிரில் படுத்திருந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அடியில் டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயின்டில் 'அ. குணசேகரன்'. கட்டிலின் மேல் வாயைத் திறந்துகொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. தலையில் காதுக்கு மேலே நாலு முடி, மற்றபடி பளபள.

சட்டைப் பையிலிருந்து தரகர் கொடுத்த போட்டோவை எடுத்தேன். அதில் இருப்பவனுக்கு நெற்றியை மறைக்கிற அளவு முடி. காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இங்கேதான் என் தொழில் திறமை வேலை செய்தது. முடியை விட்டுத் தள்ளிவிட்டு மூக்கைப் பார்த்தேன். கட்டிலில் இருந்த மூக்கையும் போட்டோவில் இருந்த மூக்கையும் மாறி மாறி ஒப்பிட்டேன். ஒரே மூக்கு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவைக் கொடுத்து எங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள். பச்சை மையில் கையெழுத்துப் போடாத குறையாக அந்த மூக்கை நான் அத்தாட்சி செய்தேன்.

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் யாரென்று தெரிந்துவிடும். நேரே தந்தி ஆபீசுக்குப் போய் அப்பா பேருக்கு எழுதிக் கொடுத்தேன்: "மாப்பிள்ளை வயது நாற்பத்தைந்து. முழு வழுக்கை. பேச்சை நிறுத்தவும்."

கவுன்டரில் இருந்தவர் சத்தமாகப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அவருக்கும் முழு வழுக்கை.

"வழுக்கைன்னா பேச்சை நிறுத்தணுமாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வயசுதாங்க முக்கியம்" என்று சமாளித்தேன். ரசீதை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. தங்கையின் வாழ்க்கையைக் காப்பாற்றிய திருப்தியில் நிஜமாகவே ஊர் சுற்றக் கிளம்பினேன். மலைக்கோயில் படியேறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் மஞ்சள் பையும் குடையுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்ன நோட்டு.

"நமக்கு எந்த ஊரு?" என்றார்.

"மன்னார்குடி. ஊர் சுத்திப் பாக்க வந்தேன். நீங்க?"

"கோவில்பட்டி. நானும் சும்மாதான், ஊர் பாக்கலாம்னு வந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தோம். தொழிற்பேட்டைத் தகரக் கூரைகளைத் தவிர பார்ப்பதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் என் நோட்டைப் பார்த்தார். நான் அவர் நோட்டைப் பார்த்தேன்.

"பொண்ணா, தங்கச்சியா?" என்றார்.

"தங்கச்சி."

"எனக்கு மவ. மூக்கண்டப்பள்ளிதானே?"

நான் தலையாட்டினேன். அவர் சிரித்தார். வாரா வாரம் தெற்கேயிருந்து நம்மைப்போல நாலு பேர் வருகிறார்களாம், லாட்ஜில் பெயரை எழுதும்போதே மூக்கண்டப்பள்ளிக்குத் தெரிந்துவிடுமாம். நான் என் கதையைச் சொன்னேன். மூக்குவரைக்கும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எல்லம்மா மெஸ்ஸுல கேட்டியளா?"

"இல்லையே."

"அந்தம்மாட்ட கேக்காம தந்தி அடிச்சிட்டியளா? போங்க, மொதல்ல அங்க போங்க. சாமியப் பெறவு பாத்துக்கிடலாம்."

எல்லம்மா மெஸ் என்பது மூக்கண்டப்பள்ளிப் பையன்கள் சாப்பிடுகிற ஒரு கீற்றுக் கொட்டகை. இரண்டு பெஞ்சு. எல்லம்மா ஐம்பது வயது அம்மாள், வெற்றிலைச் சிவப்பு வாய். நான் உட்கார்ந்ததும் என்ன வேண்டும் என்று கேட்காமலே தட்டில் ஒரு ராகிக் களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் ராகி என்றால் குழந்தைக்குக் காய்ச்சுகிற கஞ்சி. நான் ஒரு பெரிய துண்டைப் பிட்டு வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல அது மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன், விரலை விட்டும் பார்த்தேன். எதிர் பெஞ்சில் இருந்த இரண்டு தொழிலாளிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மெல்லக் கூடாது சாமி," என்றார் எல்லம்மா. "குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும். அப்புறம் அந்த ஸ்வெட்டரு பொம்பளைங்க போடறது. ஊட்ல அம்மாவோடதா?"

எதிர் பெஞ்சுக்காரர்கள் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். களி வாயில் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாய் விடுபட்டதும் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அறந்தாங்கி குணசேகரனைத் தெரியுமாம்மா? நாற்பத்தஞ்சு வயசு, வழுக்கை."

"குணசேகரனா? வழுக்கையா?" எல்லம்மா கரண்டியைப் பானையில் விட்டுவிட்டார். "அவனுக்கு முப்பத்தொண்ணு சாமி. தல நெறைய முடி. நீங்க யாரப் பாத்தீங்க?"

ஜன்னலைச் சொன்னேன். கட்டிலைச் சொன்னேன். பெட்டியில் பெயர் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"அய்யோ தேவுடா, அது தங்கராசு. ஊத்தங்கரைக்காரரு, மூணு புள்ளைங்க அப்பன். நைட்டு ஷிப்டு. குணசேகரன் பகல் ஷிப்டு. இங்க எல்லா ரூம்லயும் அப்படித்தான் சாமி. கட்டிலு ஒண்ணு, ஆளு ரெண்டு மூணு. ஒருத்தன் எழுந்து போவான், சூடு ஆறறதுக்குள்ள இன்னொருத்தன் வந்து படுப்பான். வாடக மிச்சம் பண்ணி ஊருக்கு அனுப்பறாங்க."

சான்றிதழ் பார்க்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள். அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவன்தான் அந்தக் கட்டிலின் சொந்தக்காரன். பகலில் தூங்குகிற ஊரும் ராத்திரியில் தூங்குகிற ஊரும் ஒரே ஜன்னலுக்குள் மாறி மாறிக் குடியிருக்கும் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

எழுந்து ஓடப் போனவனை எல்லம்மா உட்காரச் சொன்னார். "கேளு சாமி. இங்க வந்து யார் கேட்டாலும் தங்கமான பையன்னுதான் சொல்லுவேன். எல்லாருக்கும் அதேதான். இவனுக்கு மட்டும் நெசம் சொல்றேன். நாலு வருஷமா இங்க துன்றான், இன்னும் களி முழுங்க வராது, சோறுதான் கேப்பான். வாய்ப்பேச்சு கம்மி. ஆனா இவ்ளோ பேர்ல துன்ன தட்டக் கழுவி வெச்சிட்டுப் போறவன் அவன் ஒருத்தன்தான்."

அந்த நாலு நாளில் நான் கேட்ட ஒரே உண்மையான சான்றிதழ் அதுதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதற்குள் தந்தி போய்ச் சேர்ந்திருக்கும். அப்பா அவசரக்காரர். படித்த கையோடு தரகருக்கு ஆள் அனுப்பியிருப்பார். ஒரு நல்ல இடத்தை என் கையாலேயே உடைத்துவிட்டேன். மிச்சக் களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

தந்தி ஆபீசில் அதே ஆள் இருந்தார். நான் எழுதி நீட்டினேன்: "முந்தைய தந்தி தவறு. முடி உண்டு."

படித்தவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "சார், இதை அடிச்சா உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு உங்க வூட்ல கெளம்பி வந்துருவாங்க. டிரங்க் கால் போட்டுப் பேசிடுங்க." எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து மருந்துக் கடை நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தேன். சாயங்காலம் வரைக்கும் லைன் கிடைக்கவில்லை. நாளைக்குக் காலையில் வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் லாட்ஜ் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் காக்கிச் சட்டையில் ஒரு பையன். போட்டோவில் இருந்த அதே ஆள், அதே முடி. மூக்கு மட்டும் நான் கட்டிலில் பார்த்த மூக்கு இல்லை.

"வணக்கம் சார். நான் குணசேகரன். மெஸ் அம்மா சொன்னாங்க. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வந்தேன்."

"ஊர் சுத்திப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். அப்போதும் வாய் அதைத்தான் சொன்னது.

அவன் சிரிக்கவில்லை. "நீங்க செவ்வாக்கிழமை வந்ததே தெரியும் சார். விசாரிக்க வர்றவங்க எதிர்ல நாங்க வந்து நிக்க மாட்டோம். அது முறையில்ல. அதான் இத்தனை நாள் வரல."

தந்தி விஷயத்தை நானே சொன்னேன். சொல்லித்தான் ஆகவேண்டும். வழுக்கை என்று சொன்னபோது அவன் கை தானாகத் தலைக்குப் போனது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுலேருந்து வந்தாங்க சார். ரெண்டு பேரும் அந்தக் கட்டிலைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டாங்க. ரெண்டு தங்கச்சிங்களைக் கட்டிக் கொடுத்தேன், அதான் தனி ரூம் எடுக்கல. உங்க தங்கச்சி வந்தா வீடு எடுப்பேன். அதை மட்டும் சொல்லலாம்னுதான் வந்தேன். அவங்க வேண்டாம்னு சொன்னா பரவால்ல சார். பாக்காமலே போச்சுன்னாதான் கஷ்டமா இருக்கும்."

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. "வா தம்பி, போன் பண்ணுவோம்" என்று மட்டும் சொன்னேன். அவன் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனேன். மாப்பிள்ளை சைக்கிள் மிதிக்க, மச்சினன் ஆகப்போகிறவன் பின்னால் உட்கார்ந்து போனது எங்கள் பக்கத்தில் இதற்கு முன் நடந்ததில்லை.

லைன் கிடைத்தது. மருந்துக் கடைக்காரர் போய்க் கூப்பிட்டுவர, போனுக்கு வந்தது அப்பா இல்லை, வசந்தா.

"அண்ணே, நல்லாருக்கியா? குளிர் ஜாஸ்தியா?"

"அதை விடு. தந்தி வந்துச்சா?"

"வந்துச்சு. நேத்தே வந்துச்சு."

"அப்பா தரகர்ட்ட சொல்லிட்டாங்களா?"

"அப்பா பாக்கல. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அரிசி டின்னுக்குள்ள வெச்சிருக்கேன்."

எனக்கு உயிர் திரும்பியது. பெரிய தப்பிலிருந்து தப்பித்துவிட்ட சந்தோஷத்தில், "நல்ல வேலை செஞ்சே. ஏன் காட்டல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அந்தப் பக்கம் மருந்துக் கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாப்பத்தஞ்சுன்னா இருந்துட்டுப் போகட்டும்ணே. வழுக்கைதானேன்னு நெனச்சேன். நீ திரும்பி வந்தா சண்டை போட்டுக்கலாம்னு இருந்தேன். எனக்கும் ஒரு வீடு வேணும்ணே."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தொன்பது வயதில் என் தங்கை நாற்பத்தைந்து வயது வழுக்கைக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள், தந்தியை அரிசிக்குள் புதைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல். உப்புத் தண்ணீரும், சுவரைப் பார்த்தவனும், குறையே இல்லாதவனும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள். அந்த மூன்று பேரைப் பற்றியும் நான் ஊர் முழுக்க விசாரித்திருந்தேன். அவளிடம் மட்டும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுன்டரில் இருந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். வசந்தா, அது அவர் இல்ல. நான் ஆளை மாத்திப் பாத்துட்டேன். அவர் என் பக்கத்துலதான் நிக்கிறார். நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உனக்கு என்ன கேக்கணுமோ நீயே கேட்டுக்க."

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசுவது அப்போது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். குணசேகரன் இரண்டு அடி பின்வாங்கினான். போனை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவன் தெரிந்தான். முதலில் விறைப்பாக நின்று "ஆமாங்க" என்றான். பிறகு எதற்கோ நெடுநேரம் யோசித்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, குரலைக் குறைத்துப் பேச ஆரம்பித்தான். மூன்று நிமிஷம் முடிந்ததும் கவுன்டர்காரர் அவராகவே இன்னொரு மூன்று நிமிஷத்துக்கு எழுதிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்று அவள் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் விசாரிக்கவில்லை.